தனவேலு அண்ணன் வயிறும் டீக்கடையில் நாங்கள் பேசியதும்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். நாள் மட்டும்தான் தெரியாது. நம்ம செராமிக் யூனிட்டில் தலை நரைக்கும் வரை சூளை பார்த்த தனவேலு அண்ணன் வயிற்றால்தான் போவார் என்று நான் பொங்கலுக்கே சொன்னவன். யாரிடம் சொன்னாய் என்று கேட்பீர்கள். அவரிடமே சொன்னேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

செய்தி வந்தபோது நான் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். திட்டக்குடியில் ஒரு கல்யாணப் பேச்சு. நான் போய் உட்காராமல் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமும் கூடியதில்லை. போன் அடித்தது. அண்ணனுடைய மருமகன்.

"சின்ன மாமா, மாமா போயிட்டாங்க."

"எங்க போனாரு? ஆஸ்பத்திரியிலதானே இருக்காரு?"

கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. பஸ் வந்து, ஆள் ஏறி, கிளம்பியும் போனது. நான் ஏறவில்லை. துக்கச் செய்தி கேட்டால் எல்லோருக்கும் கை நெஞ்சுக்குப் போகும். எனக்கு வயிற்றுக்குப் போனது. அங்கேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கடை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். பழக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள். அதைக் குடிக்கவும் பயமாக இருந்தது.

காரியத்தன்று எல்லோருக்கும் கொடுக்க அவரைப் பற்றி ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும், நீதான் எழுத வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். நான் படித்தது எட்டாவது. ஆனால் நம்ம யூனிட்டில் எந்த மனுவாக இருந்தாலும் கலியமூர்த்தி எழுதினால்தான் ஆபீசர் கையெழுத்துப் போடுவார் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அண்ணனை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்த லாரிதான். அவசர ஆர்டர். வாசலில் லாரி நிற்கிறது, உள்ளே டீக் கோப்பைகள் வெந்து முடிந்த சூளை இன்னும் கொதிக்கிறது. முதலாளி கதவைத் திறக்கச் சொல்கிறார். சூளை தானாக ஆற வேண்டும். சூட்டோடு திறந்தால் வெளிக்காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். அண்ணன் கதவை மறித்து நின்றார். ஐந்து மணி நேரம் நின்றார் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு மணி நேரம் இருக்கும். "சூளைக்கு ஆத்திரம் ஆவாதுங்க மொதலாளி. தானா ஆறட்டும்" என்றார். முதலாளி வேறு ஆளை விட்டுத் திறக்க வைத்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் உள்ளே இருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். ஒவ்வொரு கோப்பையாக விரிந்துகொண்டிருந்தது. அண்ணன் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தை யூனிட்டில் சட்டம் ஆகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக்கூட "தானா ஆறட்டும்" என்பார்கள்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. சூளையின் பார்வைத் துளை வழியாக நெருப்பின் நிறம் பார்த்து, வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். மீட்டர் இருந்தாலும் அவர் கண்தான் கணக்கு. அப்படிப்பட்டவர், தீயை நிறுத்துவதற்கு முன் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடாமல் இருந்ததில்லை. "கலியா, வந்து பாரு. ரெண்டு கண்ணு பத்தாது, நாலு கண்ணு வேணும்." நான் போய்ப் பார்த்து, தலையை ஆட்டினால்தான் நிறுத்துவார். நான் தலையாட்டாத சரக்கு இந்த ஊரை விட்டுப் போனதில்லை.

வயிற்றுக்கு வருகிறேன். சூளைக்குள் அடுக்கும் சுட்ட களிமண் பலகைகள் கல் மாதிரி கனம். குனிந்து குனிந்து ஏற்றி அவருக்கும் எனக்கும் முதுகு போயிற்று. மெடிக்கலில் கேட்டால் வலி மாத்திரை கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு கேட்க மாட்டார்கள், நாங்களும் காட்ட மாட்டோம். அட்டையை நடுவில் பிய்த்து ஆளுக்குப் பாதி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீ, ஒரு மாத்திரை. அண்ணி கொடுத்துவிடும் சோறு மூன்று மணிவரை தூக்குவாளியில் இருக்கும். "சூளைக்குத் தீனி போட்டுட்டு நான் தின்னுக்கறேன்" என்பார். இப்படியே வருஷக்கணக்கில்.

அப்புறம் எரிச்சல் வந்தது. மேல்வயிற்றில், தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில். பசித்தால் எரியும், பிஸ்கட் தின்றால் அடங்கும். அதனால் அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட். நாங்கள் எல்லோரும் அதை கேஸ் என்றே சொன்னோம். பூண்டு மென்றார், ஓமத் தண்ணீர் குடித்தார், சோடா குடித்து ஏப்பம் விட்டார். ஏப்பம் வந்தால் நோய் போய்விட்டதாக ஒரு திருப்தி. "மண்ணுல காத்து இருந்தா சூளைக்குள்ள வெடிக்கும். வயித்துல காத்து இருந்தா வெளியில வெடிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று அவரே சொல்லி, யூனிட்டே சிரித்தது. நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன்.

பொங்கல் கழிந்த வாரம், டீக்கடையில் நானும் அவரும் மட்டும். ஆள் வெளுத்துப்போயிருந்தார், பளபளப்புக்குப் பூசும் கிளேஸ் பூசாத பீங்கான் மாதிரி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். குரலை இறக்கிக்கொண்டு, "வெளிக்குப் போனா கறுப்பாப் போவுது கலியா. தார் மாதிரி ஒட்டுது. நாத்தம் வேற" என்றார். எனக்கு உடனே புரிந்தது. "அண்ணே, அது ரத்தம். உள்ள புண்ணு இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயி, கொழா விட்டுப் பாருங்க" என்றேன். அவர் கையை உதறினார். "சூளை மாதிரிதான்டா. தானா ஆறும்." நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. இப்படித்தான் நடந்தது.

அதற்கப்புறம் அவர் நடந்தது எத்தனை நாள்? மாசி முடிவதற்குள் ஒரு காலையில், பலகை தூக்கும்போது உட்கார்ந்துவிட்டார். வாந்தி. காப்பிப் பொடியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி, அப்புறம் சிவப்பாக. ஒரு குடம் இருக்கும் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். ஒரு செம்பு இருக்கும். ஒரு செம்பே போதும், அதைப் பார்த்தவன் மறுபடி தூங்க மாட்டான். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்து, உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றினார்கள். குடல் தொடங்குகிற இடத்தில் புண், உள்ளே ஒரு ரத்தக்குழாயையே அரித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் எனக்கு அந்த போன் வந்தது.

சுடுகாட்டில் பால் தெளித்த அன்று மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி அண்ணி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். அழுது முடித்த முகம்.

"தம்பி, அதே மாத்திரையத்தானே நீங்களும் முழுங்குனீங்க?"

"ஆமாங்க அண்ணி."

"காட்டுனீங்களா?"

"காட்டிட்டேன் அண்ணி. எல்லாம் கிளியர்னுட்டாங்க. இந்த வயசுல இப்படி ஒரு வயிறான்னு டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

"ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு வாங்க பாப்போம்."

"வூட்டுல இருக்குது."

"உங்க வூடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்குது? நான் இங்கியே குந்தியிருக்கறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. அண்ணி வேறு ஒன்று கேட்டார்கள். "நெருப்ப நிறுத்தக்கூட உங்களைக் கூப்புட்டுக் காட்டுற மனுசன் தம்பி அது. இத மட்டும் உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாரு அண்ணி. போங்கன்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன். கேக்கல."

"அப்படியா" என்றார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கக்கூசில் திரும்பிப் பார்த்தேன். கறுப்பு. அதற்கு மறுநாளும் கறுப்பு. மூன்றாம் நாள் பார்க்காமலே தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்து, தனியாகவே டாக்டரிடம் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா.

"மலம் என்ன கலர்ல போகுதுங்க ஐயா?"

"நல்ல கலர்லதாம்மா போவுது."

"நல்ல கலர்னா?"

யூனிட்டில் எத்தனையோ பேருக்குப் பீங்கான் பொம்மைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று யோசனை சொன்னவன் நான். அங்கே தரையைப் பார்த்துக்கொண்டு, "கறுப்பு" என்றேன்.

"இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறீங்களா? அதுக்கும் கறுப்பா போகும்."

"இல்லம்மா."

"இதுக்கு முன்னாடி இப்படிப் போயிருக்கா?"

"பொங்கல் சமயத்துல ஒரு தடவை." அதை ரொம்ப மெதுவாகச் சொன்னேன்.

அந்தம்மா திட்டினார்கள். ஆனால் ஒரு பேப்பரில் வயிற்றை வரைந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இனிமேல் இந்த ஊரில் வயிற்றைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் இருக்கிற அமிலம் வயிற்றையே தின்னாமல் இருக்க உள்ளே ஒரு வழுவழுப்பான பூச்சு இருக்கிறதாம். நம்ம கிளேஸ் மாதிரி. வலி மாத்திரை அந்தப் பூச்சைக் குறைத்துவிடும். ஒரு கிருமியும் இருக்கிறது. அது அந்தப் பூச்சுக்குள்ளேயே குடியிருந்து அரிக்கும். காரம் தின்றால் எரிச்சல் கூடும், ஆனால் பெரும்பாலும் புண்ணை உண்டாக்குவது இவை இரண்டும்தான். பீடி, சாராயம் புண்ணை ஆறவிடாது. கிருமி என்றால் அதற்கு மருந்து உண்டு, சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். "எங்க அண்ணன் பொங்கலுக்கே வந்திருந்தா?" என்று நான் கேட்கவில்லை. அந்தம்மாவே சொன்னார்கள்: "சீக்கிரம் வந்தா பெரும்பாலும் காப்பாத்திடலாம் ஐயா. வர மாட்டேங்கறாங்க."

நண்பர்களே, நீங்களும் முதுகுவலிக்காரர்கள்தான். கறுப்பாகப் போனாலும், ரத்தம் வாந்தி எடுத்தாலும், கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள்; அன்றைக்கே போங்கள். சோறு தொண்டையில் நின்றால், காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தால் தள்ளிப் போடாதீர்கள். சிவப்பாக ரத்தம் போனால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், அது பெருங்குடல் நோயாகவும் இருக்கலாமாம். மலம் போகிற பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருந்தாலும் காட்ட வேண்டும். வலி மாத்திரையை நீங்களாக வாங்கி முழுங்காதீர்கள். மற்றபடி வயிறு கேட்பது பெரிய விஷயமில்லை: நேரத்துக்குச் சோறு, அதில் கீரையும் பயறும், கொய்யாவோ வாழையோ ஒன்று, மோர், நிறையத் தண்ணீர். கிளேஸ் கையோடு தூக்கைத் திறக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்தச் சாப்பாட்டையெல்லாம் அண்ணி தினமும் தூக்கில் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று மணிக்குத்தான் அது திறந்தது.

நாளைக் காலையில் எனக்குக் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தால் எழுதுகிற கை நிற்கிறது. புண் என்றால் மருந்து இருக்கிறது. புண் இல்லாமல் வேறு ஏதாவது என்றால்? கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என் பெண்டாட்டி ஊரில் இல்லை. கஸ்தூரி அண்ணி, "நான் வரேன் தம்பி, துக்க வூட்டுக்காரி வரலாமான்னெல்லாம் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். இந்த நோட்டீஸை அவர்களும் படிப்பார்கள்.

தனவேலு அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நாலு கண்ணுதான். தனக்கு நன்றாகத் தெரிந்ததையும் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் தன் வயிற்றை மட்டும் மூடி வைத்திருப்பாரா? அண்ணி கேட்டது சரியான கேள்வி.

நாளைக்கு என் தொண்டையில் குழாய் இறங்கும்போது இது அங்கே அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதனால் எழுதிவிடுகிறேன். டீக்கடையில் பேசியதாக மேலே நான் எழுதியதில் ஆளை மாற்றிப் போட்டுவிட்டேன். "ரத்தமா இருக்குமோ கலியா? கூட வாடா, ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்" என்றது தனவேலு அண்ணன். அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கும் கறுப்பாகப் போயிருந்தது. கூடப் போனால் டாக்டர் என்னையும் படுக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். "சூளை மாதிரி விடுங்கண்ணே, தானா ஆறும்" என்றது நான். தன்னுடைய வார்த்தைதானே என்று நம்பி, அவர் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.