மூன்று கை தேவைப்பட்ட வண்டி

காலை பதினொன்று இருபது. ஆலங்குடியில் நான் வேலை பார்க்கும் மோட்டார் ரீவைண்டிங் கடை. வார்னிஷ் வாசனை. கையில் காப்பர் கம்பி.

போன் அடித்தது. புதுக்கோட்டையில் ராணி வேலை பார்த்த லேபிலிருந்து, அவளோடு வேலை செய்யும் பெண்.

"அண்ணே... ராணி அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம்ணே... முடிஞ்சிருச்சுண்ணே."

ராணி என் மனைவி. மூளையில் ரத்தக்கசிவு என்று பிறகு சொன்னார்கள்.

வெளியே ஓடி வண்டியில் ஏறினேன். இடது கையால் கிளட்சைப் பிடித்தேன். வலது கட்டைவிரலை செல்ஃப் பட்டன் மேல் வைத்தேன்.

அப்படியே உட்கார்ந்திருந்தேன்...

கடை முதலாளி வந்து தோளைத் தொட்டார். "என்னப்பா ஆச்சு? வண்டி எடுக்கலையா?"

எடுக்காது. அந்த வண்டிக்கு மூன்று கை வேண்டும்.

கல்யாணமான புதிதில் நடந்தது இது. ஆவுடையார்கோவிலில் நண்பன் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மொட்டை வெயில். சீட்டில் கை வைக்க முடியவில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டி, கிக்கரும் கிடையாது. பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை.

ஹார்ன் அடித்துப் பார்த்தேன், நன்றாக அடித்தது. ஹெட்லைட்டும் மங்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி நல்ல பேட்டரி. ஆனால் பட்டனை அழுத்தினால் ரிலேயில் வர வேண்டிய 'டிக்' கூட வரவில்லை. கோளாறு மோட்டாரில் இல்லை, பட்டனுக்குப் போகிற லைனில்தான் எங்கோ விட்டிருக்கிறது.

ராணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ஹார்ன அடிச்சு அடிச்சுப் பாக்குறீங்க? வண்டி தூங்குதா?"

"டெஸ்ட் பண்றேன்டி."

"டிப்ளமோவுல மூணு வருசமா இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? எங்க ஆவூருல மாட்டு வண்டியே இத விட வெரசாக் கெளம்பிரும்."

"பேசாம எறங்கித் தள்ளு."

"பட்டுச்சேலையோடயா? நல்லாருக்கு, போங்க."

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். கிளட்ச் லீவருக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும். கிளட்சைப் பிடித்தால்தான் அது பட்டனுக்கு லைன் கொடுக்கும். கியரில் கிடக்கும் வண்டி திடீரென்று பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதற்குப் போகிற ஒயர் உள்ளே லூஸ். மேலே தூக்கிப் பிடித்தால் லைன் வரும், விட்டால் போய்விடும்.

என் இடது கை கிளட்சில், வலது கை பட்டனில். ஒயரைத் தூக்க யார்?

ராணி பின்னால் ஏறி உட்கார்ந்து, என் இடது கைக்கு அடியில் தன் கையை நீட்டினாள்.

"இதத்தானே சொல்றீங்க? தூக்கிட்டேன்... ம்."

அழுத்தினேன். எடுத்துவிட்டது.

"அந்த சுவிட்ச விட்டுட்டு, அதுக்குப் போற ரெண்டு ஒயரையும் நேரா ஜாயின்ட் பண்ணி டேப் சுத்திட்டா முடிஞ்சது. வீட்டுக்குப் போயி செஞ்சுர்றேன்" என்றேன்.

"செஞ்சுட்டா?"

"ஒத்த ஆளே ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"அப்பறம் வண்டிக்கு நான் எதுக்கு? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் இல்லாம நீங்களும் எங்கிட்டும் சுத்தப் போக மாட்டீங்கல்ல."

அப்படியே விட்டுவிட்டோம். தனியாகப் போகிற நேரம் தள்ளிக்கொண்டு ஓடி, செகண்ட் கியரில் போட்டு எடுப்பேன்.

ஆனால் காலையில் அவளை பஸ் ஸ்டாண்டில் விடும்போது மூன்று கையும் இருக்கும். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, ஈரத்தலையோடு உட்காருவாள். என் இடது முழங்கை தானாகக் கொஞ்சம் விலகும். அந்த இடைவெளியில் அவள் கை வரும். "ம்" என்பாள்.

சண்டை போட்ட நாளிலும் கை வரும். "ம்" மட்டும் வராது. ஒயரைத் தூக்கிவிட்டு, இன்னொரு கையால் முதுகில் ஒரு குத்து...

அன்று கடை வாசலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட எனக்குத் தோன்றவே இல்லை. பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, "ம்" வரட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். முதலாளிதான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆவூரில் அடக்கம் செய்தோம். அவள் அண்ணன்தான் வண்டியைக் கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் நிறுத்தினார். இன்று மறுபடி வந்தார்.

"மாப்ள, எவ்ளோ நாளைக்கு இப்புடியே ஒக்காந்திருப்பீங்க? நாளையிலேருந்து கடைக்குப் போங்க. வண்டி எடுக்கலன்னா சொல்லுங்க, மெக்கானிக்கக் கூட்டியாரேன்."

"மெக்கானிக் வேணாம் மச்சான். என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

மல்டிமீட்டரை எடுத்து ஒயரில் வைத்தேன். ஒயரைத் தூக்கினால் பீப். விட்டால் ஒன்றுமில்லை. கோளாறு அதே இடத்தில்தான் இருந்தது.

இரண்டு ஒயரையும் வெட்டி, சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். கடையில் யாருடைய மோட்டாரையோ சரி செய்கிற மாதிரிதான் இருந்தது.

ஏறி உட்கார்ந்து பட்டனைத் தொட்டேன். முதல் தடவையே எடுத்துவிட்டது.

"அவ்ளோதானா மாப்ள? இதுக்கா இத்தன வருசம் ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் அங்கிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவ்வளவுதான். அப்போது இரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுக்கும். இப்போது ஒரு கட்டைவிரல் போதும். வண்டி முன்னைவிட நன்றாக இருக்கிறது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். என் இடது முழங்கை விலகியே இருந்தது...

இதைப் படித்துவிட்டு நண்பர்கள், சொந்தக்காரர்கள் யாரும் ஆறுதல் சொல்லக் கூப்பிட வேண்டாம். கோபமில்லை. போனில் நான் பேசப் பேச நீங்கள் எல்லோரும் "ம்... ம்..." என்கிறீர்கள்.

அதைத்தான் கேட்க முடியவில்லை.

போனை ஆஃப் செய்துவிட்டேன்.