அரிசி டிரம்மில் ஒரு கேசட்

வடகரை பரீதுக்குச் சாரல் ஆகாது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, அவருடைய கேசட்டுகளுக்குத்தான் ஆகாது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்று ஊரே துண்டோடு ஓடும்போது, இவர் கேசட்டுகளைத் துணியில் பொதிந்து அரிசி டிரம்முக்குள் இறக்குவார். அரிசி ஈரத்தை இழுத்துவிடும், நாடாவில் பூஞ்சை பிடிக்காதாம். மனைவி ஹாஜரா பீவி வேளாவேளைக்கு அவற்றைத் தோண்டி வெளியே வைத்துவிட்டுத்தான் உலை வைக்க வேண்டும்.

அதில் ஒரு கேசட்டுக்கு மட்டும் தனி மரியாதை. அவர் வளைகுடா வேலைக்காகத் தம்மாமுக்குப் போன புதிதில், கடிதத்துக்குப் பதிலாக ஹாஜரா பேசி அனுப்பியது. "நீங்க வந்தாப் போதும், ஒருநாளும் ஏச மாட்டேன்" என்று அதில் அவள் சொல்லியிருப்பதாகப் பரீது சத்தியம் செய்வார். அவளோ சொல்லவே இல்லை என்பாள். போட்டுக் காட்டலாமே? போட்டால் நாடா தேய்ந்துவிடுமாம்! அவர் மறுபக்கத்தில் பதில் பேசி முடித்தபோதே லீவு கிடைத்ததால், கையோடு கொண்டுவந்த கேசட் அது. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று அதன் மூலைத் துண்டுகளையும் உடைத்துவிட்டார். அன்றிலிருந்து பென்சிலை விட்டுச் சுற்றுவார், துடைப்பார், கேட்க மட்டும் மாட்டார். இப்படி ஒரு கிறுக்கை நான் பார்த்ததில்லை.

வீட்டில் வேறு யாரும் போட்டுக் கேட்டுவிடக் கூடாதென்று, அதன்மேல் 'நெல்லில் பூச்சி மேலாண்மை' என்று எழுதி ஒட்டியிருந்தார். அதுதான் வினையாகிவிட்டது.

போன ஆவணியில் வயல்காரர் பிச்சைமணி வந்து, மயில் விரட்டக் கட்டுவதற்குப் பழைய நாடா கேட்டார். காற்றில் அது விர்ரென்று அதிருமல்லவா. டிரம்மைத் தோண்டித் தோண்டி வெறுத்துப்போயிருந்த ஹாஜரா, வயலுக்குப் பொருத்தமான தலைப்பாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் பரீது செருப்புகூடப் போடாமல் ஓடினார். நாடா வரப்பைச் சுற்றி மினுங்கிக்கொண்டிருந்தது.

"பிச்சைமணி, அவுருலே! அது எம் பொண்டாட்டியாக்கும்!"

"அதான் பாய் எனக்கும் புரியல. மயிலு கொஞ்சங்கூடப் பயப்படலியே."

அவிழ்த்து, துடைத்து, சுற்றி முடித்தபோது பரீதுக்கு அழுகை முட்டியது. இனித் தேய என்ன இருக்கிறது? பிச்சைமணி வீட்டு டேப் ரிக்கார்டரை வாங்கிவந்து போட்டார்.

"இன்னைக்குத் தெரிஞ்சிரும் ஹாஜரா, நீ சொன்னியா இல்லையான்னு."

கரகரப்புக்கு நடுவே பரீதின் இளங்குரல் வந்தது: "ஹாஜரா, நான் வந்த பொறவு நீ அடுப்படிப் பக்கமே போக வேண்டாம். சோறாக்குதது எம் பொறுப்பு."

திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் வெறும் இரைச்சல். பதில் பேசிய அன்று கேசட்டைத் திருப்ப மறந்து, அவள் பேச்சின் மேலேயே பேசித் தொலைத்திருக்கிறார்!

"உங் குரலு போச்சே" என்று நிஜமாகவே கண் கலங்கினார்.

"எங் குரலத்தான் தெனமும் கேக்குதீங்களே" என்ற ஹாஜரா, கேசட்டை முந்தானையால் துடைத்துப் பொதிந்து, டிரம்மைத் திறந்து அவரிடம் நீட்டினாள். "பத்திரமா உள்ள வைங்க. அப்படியே ரெண்டு உழக்கு அரிசி எடுத்துக் களைஞ்சுருங்க."