அறுக்காத டேஷ்போர்டு

பழைய காருக்குப் பாட்டுப் பெட்டி வைக்கிற தொழிலைப் பற்றி என் மாமா ஒருவர் அடிக்கடி ஒரு வாக்கியம் சொல்வார். "வண்டியில பாட்டு வெச்சவன்..." என்று ஆரம்பிக்கும். நடுவில் பேட்டரி வரும். கடைசியில் யாரோ வண்டியைத் தள்ளுவார்கள். முழுசாக ஞாபகம் இல்லை. தள்ளியது யார் என்பது மட்டும் இப்போது தெரிகிறது: நான்தான்.

ஷார்ஜாவில் பதினேழு வருஷம் கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டினேன். எல்லாம் புது வண்டிகள். பெட்டியோடு ஒரு காகித அச்சு வரும். அதை டேஷ்போர்டில் ஒட்டு, கோடு போடு, அறு, பிளேயரைத் திணி, அடுத்த வண்டியைக் கூப்பிடு. அந்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். நான் ஹைதராபாத்துக்குத் திரும்பினேன். அப்பா இங்கே ரயில்வேயில் இருந்தவர். எட்டாவது வரை தமிழிலும் அதற்கப்புறம் தெலுங்கிலும் படித்தவன் என்பதால், என்னால் இரண்டு மொழியிலும் வேலை கேட்க முடிந்தது. நாற்பத்தெட்டு வயசு என்பதால் இரண்டு மொழியிலும் இல்லை என்றார்கள்.

என்னை உள்ளே விட்டது டேவிட் அண்ணன் ஒருவர்தான். நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலைச் சுவரை ஒட்டினாற்போல் அவருடைய ஷெட். அறுபது வயசு. பூர்வீகம் அரக்கோணம் பக்கம், பிறந்தது வளர்ந்தது இங்கே ரயில்வே காலனியில். பழைய வண்டிகளுக்கு மட்டும் பாட்டு வைப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் இருந்து பாரு தம்பி. ஒத்துப்போனா கூட்டா செய்யலாம். ஆனா ஒண்ணு. பழைய வண்டி டேஷ்போர்டுல பிளேடு வெச்சே, அன்னிக்கே கிளம்பிடணும்."

ஏன் என்று கேட்டேன்.

"பாட்டுப் பெட்டி மூணு வருஷம் இருக்கும். வண்டி முப்பது வருஷமா இருக்குது. யாரு யாருக்கு இடம் குடுக்கணும்?"

எனக்கு இதை விட்டால் வேறு இடமில்லை. சரி என்றேன். பழைய கார் வைத்திருக்கும் பாவப்பட்ட ஜனங்கள் இனி வருவதைத் தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

பெட்டி எங்கே?

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் ராமநாதன் சார். அவருடைய அம்பாசிடருக்குப் பாட்டு வேண்டும், ஆனால் வண்டி முகம் மாறக்கூடாது. டேவிட் அண்ணன் பிளேயரை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து டிரைவர் சீட்டுக்கு அடியில் படுக்கவைத்தார். ஒயர்கள் ஏற்கெனவே இருந்த ஓட்டைகள் வழியாகவே போயின. புதிதாக ஒரு திருகாணி ஓட்டைகூடப் போடவில்லை. போனைத் தொட்டால் பழைய ஸ்பீக்கர் கிரில்லுக்குள்ளிருந்து பாட்டு வரும். வண்டியை எடுக்க மகன் வந்தான், ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து ராமநாதன் சாரே வந்தார், முகம் வாடியிருந்தது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் மெக்கானிக், இந்த வண்டியில் பிளேயரே கிடையாது, போன்தான் பாடுகிறது என்று சத்தியம் செய்திருக்கிறான். இவரும் டிக்கி, பானெட், கிளவ் பாக்ஸ் எல்லாம் குடைந்து பார்த்திருக்கிறார். டேவிட் அண்ணன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காட்டினார். ராமநாதன் சார் முட்டி போட்டுக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு வாரமா அது மேலதான் உக்காந்திருக்கேன், டேவிட். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

மூன்று வலது

பாதுகாப்புத் துறை ஆபீஸில் வேலை பார்க்கும் சரஸ்வதி மேடத்திடம் இருபத்தைந்து வருஷத்துச் சின்ன கார் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் தனியாகப் பிளேயர் மாட்டினேன். என் வேலை என்று காட்டிக்கொள்ள நினைத்த வண்டி. அவர் இடது இண்டிகேட்டரைப் போட்டால், அது மினுக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டு விட்டு விட்டு வந்தது. வலது பக்கம் போட்டால் ஒன்றுமில்லை. இரண்டு நாள் பிளேயரை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், கடைசியில் இண்டிகேட்டரையே சந்தேகப்பட்டேன்.

டேவிட் அண்ணன் வந்தார். இண்டிகேட்டரைப் போடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்தபடி மெல்ல நகர்த்தினார், டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதைப் போல. ஓர் இடத்தில் நிறுத்தினார். "எர்த் ஒயரை இங்க பெயிண்ட் மேல திருகிட்டே. பெயிண்ட் கரண்ட்டை வுடாது. பாவம், பிளேயரு கரண்ட்டு இண்டிகேட்டர் ஒயர் வழியா திரும்பி வருது." பெயிண்டைச் சுரண்டித் திருகினார். நாலு நிமிஷம். நான் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லைங்க. அஞ்சு நாளா இடது பக்கம் திரும்பவே இல்லை. எங்கெல்லாம் இடது வருதோ, அங்கெல்லாம் சுத்தி மூணு வலது திரும்பிப் போயிட்டேன்."

விசில்

ஓர் அம்பாசிடர்க்காரர் வந்தார். வண்டி வேகம் எடுக்க எடுக்கப் பாட்டுக்குப் பின்னால் ஒரு விசில் சத்தமும் ஏறிக்கொண்டே போனது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த விசிலை நான் விவரிக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று டேவிட் அண்ணன் குனிந்தபோது, மனுஷர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ டேவிட் பாய், வேணாம்! ஸ்பீடாமீட்டர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதையும் எடுத்துட்டா எவ்ளோ வேகத்துல போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செய்திகள்

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன், அப்பாவுடைய பழைய காரோடு வந்தான். தமிழ்க் குடும்பம்தான். நாங்கள் தமிழில் கேட்டால் அவன் தெலுங்கில் பதில் சொன்னான். நெஞ்சு அதிர வேண்டும், டிக்கி முழுக்க ஸ்பீக்கர் வேண்டும் என்றான். அதிர்ந்தால் நெஞ்சுக்கு முன்னாடி கதவுக் கண்ணாடி கழன்று விழும் என்று டேவிட் அண்ணன் சொல்லி, அளவான இரண்டு ஸ்பீக்கர்களைப் பின் சீட்டுக்குப் பின்னால் பொருத்தினார். பையனுக்கு அரை மனசு.

சத்தத்தைச் சரிபார்க்க டேவிட் அண்ணன் பாட்டே போடமாட்டார். ரேடியோவில் செய்தி வரும் நேரத்துக்குக் காத்திருந்து அதைத்தான் வைப்பார். தெலுங்கோ உருதுவோ, எதுவானாலும் சரி. "பாட்டு ஏமாத்தும் தம்பி. பின்னணி நல்லா இருந்தா ஓட்டை ஸ்பீக்கரும் நல்லா இருக்கற மாதிரி தெரியும். நியூஸ் படிக்கிற ஆளு பக்கத்து சீட்டுல உக்காந்த மாதிரி இருக்கணும்." செய்தி கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற முகத்தோடு பையன் உள்ளே உட்கார்ந்தான். தெலுங்குச் செய்தி ஓடியது. டேவிட் அண்ணன் குமிழைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்த்தினார். செய்தி படிக்கிற அம்மா மூச்சு வாங்குவது கேட்டது, தாள் புரட்டுவது கேட்டது. பையனுடைய முகம் மாறியது. முதல் தடவையாகத் தமிழில் பேசினான்.

"அங்கிள், அந்த அம்மாக்கு ஜலதோஷம்."

விரல் நீளத் தகடு

இதை நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

ஐந்து மாதம் முடிந்திருந்தது. போலாரத்திலிருந்து கர்னல் ஒருவர் தன் பழைய பத்மினி காரைக் கொண்டுவந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக வாங்கிய நாளிலிருந்து தன் கையாலேயே துடைத்து வந்த வண்டி. மகள் பெங்களூரிலிருந்து ஒரு பிளேயர் அனுப்பியிருந்தாள். அதைக் கிளவ் பாக்ஸுக்குள் வைத்துவிட்டுப் பழைய இரண்டு குமிழ் ரேடியோவை முகத்துக்கு அப்படியே விட்டுவிடுவது என்று டேவிட் அண்ணன் முடிவு செய்திருந்தார். அன்றைக்கு அவருடைய தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம். "ரேடியோவைக் கழட்டித் துடைச்சு வை. மத்தது நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழற்றினேன். பின்னால் இரண்டு குமிழ் ஓட்டைகளும் நடுவில் ஒரு பிளவும். புதுப் பிளேயரின் பெட்டியில் காகித அச்சு இருந்தது. சும்மா வைத்துப் பார்ப்போம் என்று எடுத்தேன். அச்சு கச்சிதமாக உட்கார்ந்தது. அதற்கப்புறம் நான் யோசித்ததாக ஞாபகமில்லை. ஒட்டினேன், கோடு போட்டேன், அறுத்தேன். பதினேழு வருஷத்துக் கை. இருபது நிமிஷத்தில் ஓரத்தை அரத்தால் ராவி, பிளேயரைத் தள்ளினேன், 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன். தரையைப் பெருக்கக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது: விரல் நீளத்துக்கு ஒரு தகடு, க்ரீம் நிறப் பெயிண்டோடு. அப்போதுதான் புரிந்தது, என்ன செய்துவிட்டேன் என்று.

இரண்டு மணிக்கு டேவிட் அண்ணன் வெள்ளைச் சட்டையில், கையில் கேக் டப்பாவோடு வந்தார். கத்தவில்லை. அறுத்த ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். "கட்டிங் சுத்தமா இருக்குது" என்றார். திட்டியிருந்தால் தேவலை. நான் கிளம்புகிறேன் என்றேன். "இரு. வண்டிக்காரர் வரட்டும்" என்றார்.

கர்னல் நாலு மணிக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் டேவிட் அண்ணன் முன்னால் போய் நின்றார். "என் கைதான் சார். அவசரப்பட்டுட்டேன்." கர்னல் முன் சீட்டில் உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்தார். பிளேயரைத் தொடக்கூட இல்லை.

"டேவிட், எங்க பக்கம் இந்த மாதிரி அஞ்சு வண்டி இருக்கு. உன் கை அறுக்காதுன்னு நான் சொன்னதாலதான் அஞ்சும் உன்கிட்ட வருது. இனிமே நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

எட்டரை மணி

கர்னல் வண்டி கேட்டைத் தாண்டியதும், "எதுக்கு அண்ணே? ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நீ அறுத்தேன்னு சொன்னா, அந்த ஆளு இருக்கற ஷெட்டுக்கு எங்க வண்டி வராதும்பார். இன்னா பண்றது, அவர் சுபாவம் அப்படி. அப்புறம் நான் உன்னை அனுப்பித்தான் ஆவணும். இன்னும் ஒரு மாசம் கிடக்குது உனக்கு. வாய மூடிக்கினு வேலையப் பாரு."

"முப்பது வருஷத்துப் பேரு அண்ணே அது."

"ஹவ், ஆமா, பேருதான். அது என்னுது, நான் பாத்துக்கறேன்."

"அறுத்தா அன்னிக்கே கிளம்பணும்னு சொன்னீங்களே?"

டேவிட் அண்ணன் கேக் டப்பாவின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதுக்கு எனக்குக் கோவம் வரணும், தம்பி. இப்ப பசிதான் வருது. ஒரு துண்டு எடுத்துக்க. நாளைக்கு எட்டரைக்கு வந்துடு."

ஷார்ஜாவில் எத்தனையோ நூறு டேஷ்போர்டுகளை அறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், கணக்கில் இது ஒன்றுதான் கூடுதல்; ஆனால் இதை மட்டும் இன்னொருவர் தன் பேரில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போலாரம் போய், கர்னல் வீட்டு கேட்டில் மணி அடித்து, அறுத்தது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.