லிஃப்டுக்குக் கடைசி இடம்

ஊரார் ஆசையெல்லாம் பெர்னடெட்டுக்கு அத்துப்படி. கிள்ளானில் இருப்பவர்களுக்கு எந்தச் சவர்க்காரம் பிடிக்கும், பந்திங்கில் பஸ் ஏறுபவர்களுக்கு முதலில் என்ன வேண்டும், எதைக் கேட்டாலும் சொல்வாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆய்வு நிறுவனத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக இதுதான் அவளுக்கு வேலை. மக்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக் கொடுப்பதைப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவாள். ஒவ்வொன்றுக்கும் சராசரி இடம் பார்த்து அட்டவணை போடுவாள். சராசரி குறைந்தது மேலே, கூடியது கீழே. உனக்கு என்ன ஆசை என்று அவளைக் கேட்டால் மட்டும் தூங்க வேண்டும் என்பாள்.

போன மாதம் முதலாளி குருவுக்குத் திடீர் ஞானம். ஊருக்கெல்லாம் செய்கிறோமே, நமக்கும் ஒன்று செய்வோம் என்று அலுவலகத்திலேயே ஒரு கருத்தாய்வு வைத்தான். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, புதுக் கணினி, நல்ல காப்பி. எது முக்கியம், வரிசைப்படுத்துங்கள். அட்டவணையில் விடுப்பு கடைசியில் நின்றது.

"பாருங்கக்கா, நம்ம ஆளுங்களுக்கு லீவே வேணாம்லா!" என்று பூரித்துப் போனான்.

பெர்னடெட்டும் விடுப்புக்கு ஐந்துதான் போட்டிருந்தாள். ஒப்புக்குச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைத் திறந்தாள்.

அடுத்த வேலை சாலாக் செலாத்தானில் ஒரு பழைய அடுக்குமாடி. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், நடைபாதை விளக்கு, கார் நிறுத்துமிடம், குப்பைக் கூடம் ஆகிய ஐந்தில் இந்த வருஷம் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எது முதலில் என்பதை அட்டவணை சொல்ல வேண்டும். லிஃப்ட் படுத்துப் பல வருஷமாகிறது. அதுதான் முதலில் வரும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். மென்பொருள் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தது.

யார் யார் ஐந்து போட்டது என்று பிரித்துப் பார்த்தாள். பெரும்பாலும் மேல்மாடி வயதானவர்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூட மார்க் மாதிரி ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார்கள், பாவம். இது முன்பும் நடந்ததுதான். அந்தப் படிவங்களை மட்டும் ஐந்தை ஒன்றாகவும் ஒன்றை ஐந்தாகவும் தலைகீழாக்க மென்பொருளில் ஒரு கட்டளை போதும். போட்டாள். லிஃப்ட் ஒரே தாவலில் முதலிடத்துக்கு ஏறியது.

"ஓகேலா, அனுப்பிடுங்கக்கா" என்றான் குரு.

ஆனால் தலைகீழாக்கினால் படிவம் கொடுத்தவர்களில் ஒருவரையாவது கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட வழக்கம். போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. வீடு கிள்ளானில், சாலாக் செலாத்தான் நேர் எதிர்த் திசையில். தலையெழுத்தை நொந்துகொண்டு சாயங்காலம் ரயில் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, படிகளையும் தன் வழக்கத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே லிஃப்ட் கதவுக்கு முன்னால் பூச்சட்டிகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கிருஷ்ணம்மாள் என்கிற மூதாட்டி உட்கார்ந்திருந்தாள். ஐந்து போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"ஆன்டி, ஒண்ணுன்னா ரொம்ப முக்கியம், அஞ்சுன்னா கடைசி. மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லயேம்மா. கேக்க வந்த பொண்ணு நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு."

"அப்ப லிஃப்ட் வேணாமா?"

"லிஃப்ட் எதுக்கும்மா? நாங்க எங்க போறோம்?" கிருஷ்ணம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "மொதல்ல காய்கறி வாங்கப் பாசாருக்கு எறங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் முட்டி போச்சு. தைப்பூசத்துக்குப் பத்துமலை போறதும் நின்னுபோச்சு. மகன் சாமான் வாங்கியாந்து போட்டுடறான். நாங்க இந்த நடைபாதையிலதான் கெடக்கிறோம். லைட் எரிஞ்சா ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியும். அதான் லைட்டுக்கு ஒண்ணு."

"லிஃப்ட் வேணும்னு கேட்டுப் பாக்கலயா?"

"கேட்டுக் கேட்டு வாய்தாம்மா வலிச்சுது."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பெர்னடெட் தாங்கியிருப்பாள். இறங்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எண் தெரியாதவர்கள் என்று நினைத்தோமே என்று. கிள்ளான் ரயிலில் இடம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை. தலைகீழாக்கியதை அப்படியே அனுப்பினால் லிஃப்ட் ஓடும், ஆனால் அது பொய். உள்ளதை உள்ளபடி அனுப்பினால், மேல்மாடிக்காரர்களுக்கு லிஃப்டே வேண்டாமாம் என்று நிர்வாகத்தில் ஒருவன் பூரித்துப் போவான். குரு பூரித்த மாதிரி. அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் விடுப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓர் அவசர வேலை வந்து நின்றது. கேட்பதை எப்போது விட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் காலையில் தலைகீழாக்கியதை நீக்கினாள். வாரத்தில் எத்தனை நாள் கீழே இறங்குகிறீர்கள் என்று அதே படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. அதை வைத்து லிஃப்டின் இடத்தைப் பிரித்து இன்னோர் அட்டவணை எடுத்தாள். தினமும் இறங்குபவர்களுக்கு லிஃப்ட் இரண்டாவது. எப்போதாவது இறங்குபவர்களுக்கு முதலாவது. இறங்குவதே இல்லாதவர்களுக்குக் கடைசி; படிவம் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். அதை முதல் பக்கத்தில் வைத்தாள்.

"என்னக்கா, நேத்து வேற சொன்னீங்க?" என்றான் குரு.

"நேத்து நான் சொன்னது தப்பு. அவங்க சரியாத்தான் போட்டிருக்காங்க. கெடைக்காதுன்னு தெரிஞ்சுபோனா யாரும் அதுக்கு ஒண்ணு போட மாட்டாங்க குரு."

குரு அட்டவணையை இன்னொரு தடவை படித்தான். "இத நிர்வாகத்துக்கிட்ட நானே நேர்ல போய்ச் சொல்றேன்க்கா. சும்மா அனுப்பினா புரியாது" என்று எழுந்தான்.

"குரு, நம்ம ஆபீஸ் அட்டவணையில லீவு கடைசியில நின்னுச்சே."

"ஆமா?"

"அதுல ஒரு அஞ்சு நான் போட்டது."

அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"லீவு எடுத்தா எங்கக்கா போவீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஊரார் ஆசையெல்லாம் தெரிந்த பெர்னடெட் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, முதல்முறையாக அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள்.