கம்பெனி கேட்டில் ஒரு துணிப்பை

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் எங்கள் மாதனூருக்கு ரொம்பத் தாமதமாக வந்தது. வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாக இறங்கும் பெண்கள் அன்று வாயைத் திறக்காமல் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஸ்டெல்லா தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தாள். கையிலிருந்த துணிப்பையை என் மேஜை மேல் வைத்தாள்.

"இந்தாங்க டீச்சர், உங்க பை. நாளைக்கு என்னை வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பைக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தது...

அந்தப் பை எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தின் தயாரிப்பு. பிளாஸ்டிக் கவர் என்றால் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பாலாற்றங்கரை முள்செடிகளில் எல்லாம் கவர்தான் பூத்திருக்கிறது என்று எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். புலம்பினால் போதுமா? தையல் மெஷினைத் தூசி தட்டினோம். துணிக்கு எங்கே போவது? ஷூவுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் லைனிங் துணியின் கட்டிங் வேஸ்ட், ஆம்பூர் கடைத்தெருவில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கெட்டியான துணி. விலையும் கம்மி. வாங்கி வந்து, ஒட்டுப்போட்டு, பைகளாகத் தைத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொன்று கொடுத்தோம்.

கூடவே என் சொற்பொழிவு இலவசம். "கம்பெனிக்குப் போற பொண்ணுங்க எல்லாம் சாப்பாட்டு டப்பாவைக் கவர்லதான் எடுத்துட்டுப் போறீங்க. ஒரு துணிப்பையைத் தூக்கினா கை வலிக்குமா?"

ஸ்டெல்லா பேச்சைக் கேட்கிற பெண். மறுநாளே டப்பாவைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

உள்ளே போகும்போது கம்பெனியில் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். வெளியே வரும்போதுதான் செக்கிங். தோல் துண்டு ஏதாவது வெளியே போகிறதா என்று கேட்டில் நிறுத்திப் பார்ப்பார்கள். பெண்கள் வரிசையைப் பார்க்கிறவர் வசந்தா அம்மா. ஸ்டெல்லாவின் பையைத் தொட்டதுமே அவர் கை நின்றுவிட்டது. கம்பெனியில் தினமும் மெஷினில் ஓடுகிற அதே லைனிங்!

"சர்ச்சுல குடுத்தாங்கன்னு சொன்னேன் டீச்சர். சர்ச்சுல இன்னா லைனிங்கா குடுப்பாங்கன்னு கேக்குறாங்க. பையை உள்ள வெளிய திருப்பி, டப்பாவைத் தொறந்து... பஸ்ல இருக்கிற அத்தனை பேரும் ஜன்னல் வழியா என்னையே பாக்குறாங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "அடுத்த மாசம் பெர்மனென்ட் பண்றோம்னு சொல்லியிருந்தாங்க. இப்போ திருடின்னு பேர் வந்துட்டா நான் இன்னா டீச்சர் பண்ணுவேன்?"

துணி வாங்கியது நாங்கள். தைத்தது நாங்கள். பேர் கெடுவது மட்டும் அவளுக்கா?

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சங்கத்தில் மிச்சமிருந்த பைகளை வாரிக்கொண்டு, ஸ்டெல்லாவோடு கம்பெனிக்குப் போனேன். பெர்சனல் ஆபீசர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பைகளை அவர் மேஜை மேல் பரப்பினேன்.

"சார், இதே துணியில எங்க பாஸ்டரம்மாகிட்ட ஒரு பை இருக்கு. என்கிட்ட ஒண்ணு இருக்கு. எங்க எல்லாரையும் திருடின்னு சொல்வீங்களா?"

அவர் ஒவ்வொரு பையாகப் புரட்டினார். நீலம், பழுப்பு, சந்தனம் என்று பல நிறத்தில், எந்தெந்தக் கம்பெனியில் மிஞ்சியதோ அந்தத் துண்டுகள். பாதி நிறங்கள் அவர் கம்பெனி பக்கமே வந்ததில்லை. சிரித்துவிட்டார். வசந்தா அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஸ்டெல்லா மேல் எந்தப் புகாரும் இல்லை, பெர்மனென்ட் ஆவதிலும் மாற்றமில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிளம்பும்போது அவர், "ஒரு ரிக்வெஸ்ட் மேடம்" என்றார். "துணிப்பை மட்டும் வேணாமே. உள்ள இருக்கிறது தெரியாது. ஒவ்வொண்ணா கொட்டிப் பார்த்தா பஸ் எல்லாம் லேட்டாகும். அதுக்குத்தான் லேடீஸ் ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல எடுத்துட்டு வர்றாங்க. யாருக்கும் பேஜார் இல்ல பாருங்க."

அடடா... அப்படியா சேதி!

சோம்பேறித்தனம் என்று நான் நினைத்தது, கேட்டைச் சீக்கிரம் தாண்டி பஸ்ஸைப் பிடிக்கிற வழி. நாம் பெரும்பாலும் இப்படித்தான். ஒருவர் கையில் கவரைப் பார்த்ததும் புத்தி சொல்லக் கிளம்பிவிடுகிறோம். ஏன் கவர் என்று கேட்க மட்டும் நமக்கு நேரமிருப்பதில்லை.

அதற்காகக் கவருக்கே திரும்புவதா? எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் கூடிப் பேசினோம். யாரோ கொசுவலை என்றார்கள். வலையும் நைலான்தானே என்று மடக்க நினைக்கும் வாசகர்களுக்கு — பருத்தி வலை, ஐயா! அதில் பை தைத்தோம். உள்ளே டப்பா, தண்ணீர் பாட்டில், சீப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஆபீசர் ஒரே பார்வையில் சரி என்றுவிட்டார். இப்போது ஸ்டெல்லாவும் அவள் தோழிகளும் வலைப்பையோடுதான் போய் வருகிறார்கள். தினமும் குப்பைக்குப் போன கவர்கள் குறைந்திருக்கின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன சனிக்கிழமை வாசலில் வசந்தா அம்மா வந்து நின்றார். நடந்ததற்கு வருத்தம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

"எனக்கும் ஒரு பை தெச்சுக் குடுங்க டீச்சர்."

சந்தோஷமாக ஒரு வலைப்பையை எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் தடுத்தார்.

"ஐயே, இது வேணாம் டீச்சர். துணியிலயே குடுங்க. கடைக்குப் போய்ட்டு வந்தா, நான் இன்னா வாங்கினேன்னு தெருவே பாக்கணுமா?"

நியாயமான கேள்வி. துணிப்பையே கொடுத்து அனுப்பினேன்.

கேட்டைத் தாண்டி வந்தபின் ஸ்டெல்லாவும் அந்த வலைப்பையோடு தெருவில்தான் நடக்கிறாள். உனக்கு இது சம்மதமா என்று அவளை யாருமே கேட்கவில்லை... நான் உட்பட.