சுள்ளி செருகாத மூன்றாம் பீப்பாய்

செர்ரித் தோட்டக்காரி மெலானி டெவோல்ஃப்ஸுக்கு நான் ஆயிரத்து அறுநூறு ஃபிராங்க் கடன்பட்டிருந்தேன். இருநூறு கிலோ புளிப்புச் செர்ரி, கிலோ எட்டு ஃபிராங்க். ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு தருவதாகப் பேச்சு. தவறினால் பீப்பாய்கள் அவளுக்கு, நான் மறுபடி கல்குவாரிக்கு.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று என் பீரைக் குடிக்க பிரஸ்ஸல்ஸிலிருந்து டாக்டர்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அன்று எனக்கு இருபத்தொன்பது வயது. இருந்ததெல்லாம் துணி வேகவைக்கும் செப்பு அண்டா ஒன்று, பழைய ஒயின் பீப்பாய் மூன்று. முளைகட்டிய பார்லி இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அண்டாவிலேயே எட்டு முறை பீர் காய்ச்சினேன். வேறு எவனாவது செய்திருப்பானா? பரணில் அகலத் தொட்டியில் ஊற்றிக் கூரை ஓடுகளைத் திறந்துவைப்போம். புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைக் காற்று கொண்டுவந்து போடும்.

அடுத்த ஜூலையில், பீப்பாய்களில் இருந்த பீரில் மெலானியின் செர்ரியைக் கொட்டினேன். கொட்டியதும் பீப்பாய் வாயில் சுள்ளிக் கட்டு ஒன்றைச் செருக வேண்டும். இல்லையென்றால் பொங்கும்போது பழம் மேலே வந்து வாயை அடைத்துவிடும். இரண்டுக்குச் செருகினேன். மூன்றாவதற்குக் கையில் சுள்ளி எடுத்த நேரம், கூரையில் சிறகடிப்பு. என் பந்தயப் புறா! ஓடினேன். கால் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டால்தானே வந்த நேரம் பதிவாகும்? அந்தக் குஷியில் சுள்ளியை மறந்தேன்.

நாலாம் நாள் பீப்பாய் வெடித்தது. கொட்டகைச் சுவரெல்லாம் சிவப்பு.

"பன்னி அறுத்தியா என்ன?" என்று ஓடிவந்தாள் என் மனைவி கிளெமென்ஸ்.

காபிக்கடையில் விடுவார்களா? பீரும் விற்கிற கடை அது. முதலாளி குஸ்ட் சத்தமாகக் கேட்டான்: "ப்ரோஸ்பர், உன் புறா எத்தனாவதா வந்துச்சு?"

"பதினாலாவது."

"அப்ப உன் பீப்பாதான்டா முந்திடுச்சு!"

அதே குஸ்ட் நவம்பரில் வீட்டுக்கு வந்தான். "ரெண்டு பீப்பாயையும் இப்பவே குடு. ஆயிரத்தஞ்ஞூறு தர்றேன். சக்கரையைக் கலந்து வித்துக்கறேன்."

"இன்னும் ஆகல. கொட்டையோட ருசி இறங்கணும்."

"எவன்டா கொட்டையைக் கேட்டான்?"

அவன் போனதும் கிளெமென்ஸ் பிடித்துக்கொண்டாள். "வித்துட்டா கடன் கிட்டத்தட்டத் தீந்துடும். உனக்கு வீம்பு."

"வீம்புதான். சக்கரைத் தண்ணி விக்கவா எட்டு தடவை காய்ச்சினேன்?"

அன்று முதல் கிறிஸ்துமஸ் வரை, சேற்றில் முழங்காலிட்டு அடுத்தவர் வயலில் பீட்ரூட் பிடுங்கினேன். வீட்டுச் சாப்பாடு அதில் ஓடியது. பீப்பாயைத் தொடவில்லை. பிப்ரவரியில் பாட்டிலில் அடைத்தேன், அறுநூற்று நாற்பது பாட்டில். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒன்றை குஸ்டின் மேசையில் வைத்தேன். குடித்தான். முகம் சுளித்தான். மறுபடி குடித்தான்.

"எவ்வளவு?"

"பாட்டில் ஆறு ஃபிராங்க்."

"கொள்ளைக்காரா!" என்றான். காசை எண்ணி வைத்து முந்நூறு பாட்டில் எடுத்துக்கொண்டான்.

சொன்ன ஞாயிறு, பூசை முடிந்த கையோடு மெலானி வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெடிச்ச பீப்பாப் பழத்துக்கு வேண்டாம்ப்பா. பாவம், ஆயிரத்து நூறு குடு, போதும்."

"உங்க பழத்துல குத்தம் இல்லீங்க. சுள்ளியை மறந்தது நான். கையை நீட்டுங்க."

கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து நீட்டினாள். நூறு ஃபிராங்க் நோட்டுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தேன். பதினொன்றில் அவள் விரல்கள் மடங்கப் பார்த்தன. நான் நிறுத்தவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, பதினைந்து, பதினாறு.