கைதட்டல் வாங்கிய அறிவிப்பு

அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசை லாரிக்காரர் ஹேண்ட்போனில் கத்திக்கொண்டிருந்தார்: "போக்குவரத்து நெரிசல் லா! தாமதமாத்தான் வருவேன்." கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் காலத்தில் இப்படிச் செந்தமிழில் பேசியிருந்தால், 'நாடகத்துல சேந்துட்டியா?' என்று கேட்டே ஆளைக் கொன்றிருப்பார்கள்.

அவர் தட்டிலிருந்து வந்த நெத்திலிச் சம்பல் வாடை என்னை நியாலாஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். ஒலிபெருக்கி வேனில் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய் அரசாங்க உத்தரவு வாசிப்பது என் வேலை. எழுதிக் கொடுத்த தமிழை அப்படியே வாசிக்க நான் என்ன கிறுக்கனா? வெளுத்து, கஞ்சி போட்டுத்தான் வாசிப்பேன்.

அங்கே ஒரு தோட்டத்தில் ஒரு மாலை முழங்கினேன்: "எவ்வகை உணவுப் பண்டத்தையும் முள்வேலிக்கு அப்பால் கொண்டுசெல்லுதல் நாளை முதல் தடைசெய்யப்படுகிறது!" காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். லயத்து வீடுகளில் குடியிருந்த தோட்டச் சனம் அசையாமல் நின்று கேட்டது. முடித்ததும் கைதட்டல்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போன பாப்பாத்தி என்ற பெண்ணை கேட்டில் பிடித்துவிட்டார்கள். தூக்குச்சட்டியில் சோறும் நெத்திலிச் சம்பலும். பிள்ளைக் கொட்டகையில் அவளுடைய நாலு மாதக் கைக்குழந்தை. தோட்டத்து ஆபீசில் தங்கியிருந்த என்னைக் கூப்பிட்டு, "தமிழில் அறிவித்தாயா, இல்லையா?" என்றார் வெள்ளைக்கார அதிகாரி. ஆமாம் என்றால் அவள் ஜெயிலுக்கு. இல்லையென்றால் என் வேலை காலி.

பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். "சார், நேத்து கடைசி வரிக்கும் நின்னு கேட்டேன். மந்திரம் சொல்ற மாரி அவ்ளோ அழகா இருந்துச்சு. சோத்தப் பத்தியா பேசுனீங்க?"

கேலியில்லை, அப்பாவியாகத்தான் கேட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "அறிவித்தேன் துரை. ஆனால் இவர்களுக்குப் புரியாதபடி அறிவித்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டி, சட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவளை விட்டார். என்னை மைக்குக்கு விரட்டினார்.

"யக்கா, யண்ணே, சோறு, அரிசி, ரொட்டி எதையும் கேட்டத் தாண்டிக் கொண்டுபோவாதீங்க. புடிச்சு உள்ள போட்டுருவானுங்க லா!"

எல்லாருக்கும் புரிந்தது. கைதட்டத்தான் ஆளில்லை. கங்காணி வேகமாக வந்தார். "என்னா சார், நேத்து மாரி பேசுங்க. எங்களுக்குன்னா மட்டமான தமிழா?" சற்றுமுன் பிழைத்து வந்த பாப்பாத்தியும் ஆமாம் என்று தலையாட்டினாள், பாருங்கள்!

அவர்கள் ஆசைப்பட்ட தமிழை அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷந்தான். ரப்பர் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்டது, லயம் இல்லை.

போன மாதம் பாப்பாத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். துக்கம் கேட்கத் தங்கா பத்துவுக்குப் போனேன். கொட்டகையில் கிடந்த அந்தக் கைக்குழந்தை, இப்போது தலை நரைத்த மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அவன் கையைப் பிடித்து, அவன் அம்மா பேச்சிலேயே ரெண்டு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தங்கள் அன்னையாரின் மறைவு..." என்றுதான் வந்தது.

அவன் சட்டென்று அழுகையை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிக்க நன்றிங்க ஐயா" என்று மரியாதையாக எழுந்து நின்றான்.